வீரகத்தி வீட்டில்தான் இருக்கிறான்

நாவலோடைக் குடியேற்றத்தில் வீரகத்தியைப் பயந்தாங்கொள்ளி என்று ஒருவரும் சொன்னதில்லை. யாழ்ப்பாணத்துச் சரசாலையிலிருந்து வந்து காடு வெட்டிய முதல் வருஷம், தனியன் யானை ஒன்று வாசலில் வந்து நின்றபோது வெறும் தகரத்தைத் தட்டியே அதை விரட்டியவர் அவர். பாம்பை வாலில் பிடித்துத் தூக்கி எறிவார். அவருடைய பயமெல்லாம் ஒன்றே ஒன்றுக்குத்தான். அது கந்தோர் என்கிற அரசாங்க அலுவலகம்.

அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. குளத்துக்குக் கீழே வயல், மேட்டில் ஒரு துண்டுக் காணி, அதில் அரசாங்கமே கட்டிக் கொடுத்த ஓட்டு வீடு எல்லாம் கந்தோர் தந்தவை. சரசாலையில் அவருக்கு இருந்ததெல்லாம் ஒரு பனை வடலிக்காணியும் அதில் பங்கு கேட்கும் சகோதரங்களுந்தான். தந்த கந்தோர் பறிக்கவும் செய்யும். காணிக்காரன் குடும்பத்தோடு காணியிலேயே குடியிருக்க வேண்டும், குடியில்லாவிட்டால் காணி போய்விடும் என்பது சட்டம். வீரகத்தி பெண்சாதியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காணியிலேயே குடியிருந்தார். வருஷத்தில் ஒரேயொரு தடவை மட்டும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வண்டி கட்டுவார். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போகிற வண்டி அது.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் திங்கட்கிழமையில் வரும். அன்றைக்கு வன்னியில் காகம்கூட வீட்டில் தங்காது. இது ஊரறிந்த விஷயம். ஆனால் மகாராணி முடிசூடியதற்கு அடுத்த வருஷம், அந்த மாதந்தான் மாற்றலாகி வந்திருந்த காணிகளை மேற்பார்க்கும் ஓவசியர் செல்வநாயகத்துக்கு இது தெரியாது. அவர் கொளுத்துகிற வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தார். நா வறண்டது. தெருவோரமாக இருந்த முதல் வீடு வீரகத்தியுடையது. தண்ணீர் கேட்கக் கதவைத் தட்டினார். கதவு பூட்டியிருந்தது. கிணற்றுக் கயிற்றையும் வாளியையும் வீரகத்தியின் பெண்சாதி இராசமலர் கவனமாக உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தாள். ஓவசியர் கிணற்றை எட்டிப் பார்த்தார். தண்ணீர் தெரிந்தது, எட்டவில்லை. அந்தத் தாகம் புதன்கிழமை கந்தோருக்குப் போனபோது ஓர் அறிக்கையாக மாறியிருந்தது.

புதன்கிழமை கந்தோர் நாள். குடியேற்ற அதிகாரி பரமலிங்கம் துரை சபை கூட்டுகிற நாள். துரையும் யாழ்ப்பாணத்தார்தான், தேவாரம் மனப்பாடம். இருந்தாலும் கந்தோரிலும் தம்முடைய நாயோடும் அவர் ஆங்கிலம்தான் பேசுவார். தமிழ், சமையற்காரனுக்கும் கடவுளுக்கும் உரியது. துரை ஒரு சொல்லைச் சொன்னால் கந்தோர் முழுவதும் “யெஸ் சேர்” என்று சொல்லி, முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியேற வேண்டும். என்ன சொன்னீர்கள் என்று கேட்கக் கூடாது. முன்பு ஒரு கிளாக்கர் கேட்டார். அவர் இப்போது மன்னார்ப் பக்கம் எங்கோ உப்பு வெயிலில் இருப்பதாகக் கேள்வி.

அந்தப் புதன்கிழமை வீரகத்தியைக் கூப்பிட்டு மேசைக்கு முன்னால் நிற்க வைத்தார்கள். ஓவசியர் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ படித்தார். வீரகத்திக்கு அதில் தம்முடைய பெயரும் வீடு பூட்டிக்கிடந்த திங்கட்கிழமையும் மட்டும் விளங்கின. படிக்கிற நேரம் முழுவதும் துரை நாயின் காதில் உண்ணி தேடிக்கொண்டிருந்தார். படித்து முடிந்ததும் தலை நிமிராமல் சொன்னார்:

“புட் அப்.”

“யெஸ் சேர்” என்றது கந்தோர். எல்லாரும் பின்பக்கமாக நடந்தார்கள். வீரகத்தியும் பின்பக்கமாக நடந்து, படியில் தவறி விழுந்து எழும்பினார். அவருக்கு நோகவில்லை.

வாசலில் நின்ற கிளாக்கர் தவராசாவைக் கேட்டார். “தம்பி, ஐயா என்ன சொன்னவர்?”

“உமக்கு முன்னாலைதானே சொன்னவர்?” என்று சொல்லிவிட்டுத் தவராசா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்கும் தெரியவில்லை என்பதைக் கண்டுபிடிக்க வீரகத்திக்குச் சில மாதங்கள் எடுத்தன.

சந்தியில் ஒரு தபாற் கந்தோர் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் முல்லைத்தீவுக் கரையார் யாகப்பு மாஸ்ரர். கிறிஸ்தவக் குருமாரிடம் ஆங்கிலம் படித்தவர். வீரகத்தி சொன்ன இரண்டு சொல்லையும் அவர் வாயில் போட்டு மென்று பார்த்தார்.

“அது பெரிய சொல்லு, வீரகத்தி. கந்தோரிலை சொன்னால், கடதாசிக் கட்டை மேலிடத்துக்கு அனுப்பு எண்டு கருத்து. மேசன் சொன்னால், கட்டிடம் கட்டுறது. சுவரிலை எண்டால் நோட்டீஸ் அடிக்கிறது. விருந்தாளி எண்டால் வீட்டிலை தங்க வைக்கிறது. பின்னாலை இன்னொரு சொல்லுச் சேர்ந்தால் பொறுத்துக்கொள்ளுறது.”

“வேறை?”

மாஸ்ரர் கொஞ்சம் தயங்கினார். “ஏலத்திலை விடுறதுக்கும் அதைச் சொல்லுறவை.”

வீரகத்தி தபாற் கந்தோர் வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். “என்ரை காணியையே?”

“எனக்கென்னெண்டு தெரியும்? சொன்னவரைத்தான் கேக்கவேணும்.”

“சொன்னவரைக் கேக்கேலாதாம் மாஸ்ரர்.”

“அப்ப பொறுத்துக்கொள்ளும்” என்றார் மாஸ்ரர். அதுவும் ஒரு கருத்துத்தானே.

வீட்டுக்கு வந்து சொன்னபோது இராசமலர் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். கண் கலங்கினாள், ஆனால் அரிசியைக் கைவிடவில்லை. “அம்மாளாச்சியட்டைப் போனதுக்கோ காணி போகும்? அப்பிடிப் போனால் அவவைத்தான் கேக்கவேணும்” என்றாள். வீரகத்திக்கு அன்று ஏலக்காரர் வந்து தம்முடைய கிணற்றடியில் நின்று மணி அடிப்பது போலவே இருந்தது.

வந்தது ஏலக்காரர் அல்ல, கிளாக்கர் தவராசா. ஒரு பலகை, நாலு ஆணி, ஒரு சுத்தியல் சகிதம் வந்து, வாசலில் நின்ற பாலைமரத்தில் பலகையை அடித்தார். அதில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது.

“என்ன தம்பி எழுதியிருக்கு?”

“நோட்டீஸ்.”

“நோட்டீசிலை என்ன இருக்கு?”

“அண்ணை, துரை அடிக்கச் சொன்னவர், அடிச்சன். வாசிக்கச் சொன்னவரே? பழைய பலகை ஒண்டு கிடந்தது. கந்தோர்ப் பலகை எண்டால் எந்தப் பலகையும் பலகைதான்.” தவராசா சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டார். “ஆனால் ஒண்டு, இதைக் கழட்டினீரோ, மறியற்சாலைதான்.”

தெருவால் போனவர்கள் பலகையைக் கண்டு மறுபக்கத்தால் நடக்கத் தொடங்கினார்கள். இனசனம் வருவது குறைந்தது. வீரகத்தி பாலைமரத்துக்கு முன்னால் போகும்போது தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டார்.

பத்து நாள் போகவில்லை, அரசாங்கக் கட்டிட வேலைப்பகுதியார் வந்தார்கள். சீமெந்து, கல், மரம் எல்லாம் லொறியில் வந்தன. துரை கட்டச் சொன்னதாகச் சொன்னார்கள். மிளகாய்த் தோட்டத்துக்கு நடுவில் கயிறு பிடித்தார்கள். காய்க்கிற பருவம். இராசமலர் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தாள்.

“ஐயா, இது என்ன கட்டிடம்?” என்று வீரகத்தி கங்காணியைக் கேட்டார்.

“கட்டி முடியட்டும், பாப்பம்.”

நாலு சுவர் எழும்பியது. அதோடு வேலை நின்றது. கதவில்லை, யன்னலில்லை, கூரையில்லை. உள்ளே போவதென்றால் ஏணி வேண்டும். கங்காணி விளக்கம் சொன்னார்: “துரை கட்டச் சொன்னவர். கூரையைப் பற்றி ஒண்டும் வாய் திறக்கேல்லை. சொல்லாததைச் செய்தால் என்ரை உத்தியோகம் போயிடும்.” மிச்சச் சீமெந்து மூட்டைகள் நனையக் கூடாது என்று வீரகத்தியின் குசினியில் அடுக்கினார்கள். இராசமலர் அடுப்பைத் தூக்கி மாட்டுக்கொட்டிலுக்குக் கொண்டுபோனாள்.

பிறகு ஓவசியர் செல்வநாயகம் வந்தார். தகரப் பெட்டி, கட்டில், நுளம்புவலை, சாய்மனைக் கதிரை எல்லாம் வண்டியில் வந்து இறங்கின.

“வீரகத்தி, துரை என்னை இஞ்சை தங்க வைக்கச் சொன்னவர்” என்றார் ஓவசியர். “நானும் யோசிச்சுப் பாத்தன். காணியிலை குடியிருக்கிறீரோ இல்லையோ எண்டு பாக்கிறதுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. உம்முடைய வீட்டிலையே நான் இருந்தால் எனக்குத் தெரியாமல் நீர் எங்கை போறது?”

அது வீரகத்திக்கு நியாயமாகத்தான் பட்டது. பயந்த மனிதனுக்கு எந்த நியாயமும் நியாயந்தான். அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு அறையைக் கொடுத்தார். ஓவசியருக்குப் பெண்பிள்ளைகளின் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் விறாந்தையைக் கொடுத்தார். ஓவசியரின் சைக்கிளும் கந்தோர்ச் சாமான்களும் விறாந்தைக்கு வந்ததும் கொட்டிலுக்குப் போனார். வேலைப்பகுதியின் லொறியைக் கண்டு மாடுகள் வெருண்டு கயிறறுக்கிறதற்குக் கொட்டிலே காரணம் என்று கங்காணி அதைப் பிரித்தபோது, மாட்டையும் அடுப்பையும் பிள்ளைகளையும் கொண்டு வாய்க்கால் கட்டுக்குப் போய்க் கிடுகு வேய்ந்து ஒரு சாய்ப்புப் பத்தி இறக்கினார். ஒட்டகத்துக்கு இடங்கொடுத்த கதைதான். ஆனால் அந்தக் கதையில் ஒட்டகம் ஒன்று.

மாரி தொடங்கியது. வாய்க்கால் கட்டில் தண்ணீர் பாய்க்குக் கீழால் ஓடியது. சின்னவளுக்கு இருமல். இராசமலர் ஈர விறகை ஊதிக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் தன் சொந்த வீட்டு ஓட்டில் மழை விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். “என்ரை வீடு அது” என்று ஒருநாள் சத்தமாகவே சொல்லி அழுதாள். வீரகத்தி அவளுடைய வாயைப் பொத்தினார். ஓவசியருக்குக் கேட்டுவிடும் என்ற பயம்.

தை பிறந்து அடுத்த விசாரணை வந்தது. வீரகத்தி மறுபடியும் மேசைக்கு முன்னால் நின்றார். துரை இந்தமுறை நாய்க்குப் பிஸ்கற் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓவசியர் அறிக்கை படித்தார். வீரகத்திக்கு விளங்க வேண்டும் என்ற இரக்கத்தில் தமிழிலும் சொன்னார்:

“நான் அந்த வீட்டிலை நிரந்தரமாய்த் தங்கியிருந்து பாத்திட்டன், சேர். காணிக்காரன் ஒருநாளும் அந்த வீட்டிலை படுத்ததில்லை. சமைச்சதில்லை. அவருடைய சாமான் ஒண்டும் வீட்டிலை இல்லை. என்ரை சாமான்தான் இருக்கு. இதுக்கு மேலை என்ன சாட்சி வேணும்?”

போன வருஷம் பொய்யாயிருந்த குற்றம் இந்த வருஷம் உண்மையாகிவிட்டது. அப்போது, எங்கிருந்து வந்ததென்று அவருக்கே தெரியாமல், அந்தக் கேள்வி வாயால் வந்துவிட்டது.

“ஐயா, போன வருஷம் ஒரு சொல்லுச் சொன்னியள். அதுக்கு என்ன கருத்து ஐயா?”

தவராசா கண்ணை மூடிக்கொண்டார். துரை நிமிர்ந்தார். நாயும் நிமிர்ந்தது. பிறகு துரை, கந்தோர் சரித்திரத்திலேயே முதல் தடவையாகத் தமிழில் பேசினார்.

“இஞ்சை பாரும். நான் இந்தக் கதிரையிலை இருந்து ஒரு நாளைக்கு நாப்பது தரம் அந்தச் சொல்லைச் சொல்லுறன். எனக்கு முந்தி இருந்த வெள்ளைக்காரத் துரையும் அதைத்தான் சொன்னவர். அவர் போகேக்கை கதிரையையும் நாயையும் அந்தச் சொல்லையும் எனக்குத் தந்திட்டுப் போனவர். நான் அவரைக் கருத்துக் கேட்டனானே? உத்தரவு போடுறது என்ரை வேலை. கருத்துக் கண்டுபிடிக்கிறது கந்தோரின்ரை வேலை. அதுக்குத்தான் அவைக்குச் சம்பளம். நானே கருத்தோடை சொன்னால் பிறகு இவ்வளவு பேர் என்னத்துக்கு? அரசாங்கம் குழம்பிப் போயிடும்.”

“யெஸ் சேர்” என்றது கந்தோர்.

“நான் கொடுமைக்காரன் இல்லை” என்றார் துரை, நாயைத் தடவியபடி. “வைகாசிப் பொங்கலுக்கு அடுத்த புதன்கிழமை நானே ஜீப்பிலை வாறன். வீட்டுக்குள்ளை ஆர் இருக்கினமோ அவைதான் குடி. அண்டைக்குத் தீர்ப்பு.”

வீட்டுக்குள்ளே இருக்கப்போகிறவர் யார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வீரகத்தி அன்று வாய்க்கால் கட்டுக்கு வந்து, சரசாலைக்குப் போவதென்றால் எந்தச் சட்டியை எடுப்பது, எந்தச் சட்டியை விடுவது என்று எண்ணத் தொடங்கினார்.

பங்குனியில் ஓவசியர் செல்வநாயகத்துக்கு உடம்பெல்லாம் கொப்புளம் போட்டது. அம்மாள் வருத்தம். சின்னம்மை என்று கந்தோரில் எழுதுவார்கள், வன்னியில் அம்மாள் என்றுதான் சொல்வார்கள். கந்தோர்க்காரர் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. தவராசா தெருவில் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போனார். இராசமலர்தான் வேப்பிலை கட்டினாள், இளநீர் வெட்டிக் கொடுத்தாள், காய்ச்சிய கஞ்சியை வாசலில் வைத்தாள். ஓவசியர் நோவில் முனகினார்.

“அம்மாளாச்சி பிடிச்சால் அவவட்டைப் போய்த்தான் தீர்க்கவேணும், ஐயா” என்றாள் அவள் கதவுக்கு வெளியே நின்று. “வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்கு வாறனெண்டு ஒரு நேர்த்தி வையுங்கோ. வைச்சிட்டுப் போகாமல் விட்டால் திரும்பவும் வரும். இரண்டாந்தரம் வந்தால் கண்ணிலைதான் போடும்.”

ஓவசியர் அழுதழுது நேர்த்தி வைத்தார். அப்போது இராசமலரின் மனதில் என்ன இருந்தது என்பது அந்த அம்மாளாச்சிக்குத்தான் வெளிச்சம்.

வைகாசிப் பொங்கல் வந்தது. ஊர் முழுவதும் வண்டி கட்டியது. கந்தோரும் ஜீப்பில் ஏறியது. ஓவசியர் வீட்டைப் பூட்டி, திறப்பை அரைஞாணில் கொழுவிக்கொண்டு, கையில் வேப்பிலையோடு போனார். வாய்க்கால் கட்டைக் கடக்கும்போது, “நீங்கள் வரேல்லையோ?” என்று கேட்டார்.

“இந்த வருஷம் நாங்கள் போகேல்லை” என்றாள் இராசமலர்.

வண்டிகளின் சத்தம் அடங்கியதும் அவள் எழுந்தாள். அரசாங்கம் கட்டிய வீட்டுப் பின்கதவின் தாழ்ப்பாள், அகப்பைக் காம்பை விட்டு நெம்பினால் திறக்கும். அது வீட்டுக்காரிக்குத் தெரியாதா? கதவு திறந்தது. பெட்டி, கட்டில், நுளம்புவலை, கதிரை, சைக்கிள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, பாலைமரத்துக்குக் கீழே, பலகைக்கு நேரே, ஒழுங்காக அடுக்கினாள்.

வீரகத்தி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அரசாங்கச் சாமானடி! மறியலடி!”

“அரசாங்கத்தின்ரை ஒரு சாமானும் உடையேல்லை. அதின்ரை பலகைக்குக் கீழைதான் வைச்சிருக்கிறன்” என்றாள் அவள். “பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு உள்ளுக்கு வாங்கோ. பயந்தால் உள்ளுக்கு இருந்து பயப்பிடுங்கோ.”

அன்றைக்கு அவள் வற்றாப்பளைப் பக்கம் பார்த்துத் தன்னுடைய முற்றத்திலேயே பொங்கினாள். வீரகத்தி கதவுகளை உள்ளால் தாழிட்டார். செவ்வாய்க்கிழமை முழுவதும் கதவுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு இருந்தார்.

புதன்கிழமை காலை ஓவசியர் நடந்து வந்து சேர்ந்தார். நேர்த்தி தீர்ந்த முகம். தம்முடைய கட்டிலைப் பாலைமரத்தடியில் கண்டதும் அந்த முகம் வாடியது. பூட்டைத் திறந்தும் கதவு அசையவில்லை. கதவைத் தட்டினார்.

“ஆர் உள்ளுக்கு?”

உள்ளேயிருந்து வீரகத்தியின் குரல் கேட்டது. பயத்தில் கீச்சென்றுதான் வந்தது. “வீட்டுக்காறர்.”

ஓவசியர் வாய் திறப்பதற்குள் ஜீப் வந்துவிட்டது. துரை இறங்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே பார்த்தார். வீட்டில் புகை எழும்பியது, யன்னலால் பெண்பிள்ளைகள் இரண்டு எட்டிப் பார்த்தன. மிளகாய்த் தோட்டத்தில் கூரையில்லாத நாலு சுவர். பாலைமரத்தடியில், நோட்டீசுக்குக் கீழே, தகரப் பெட்டியில் உட்கார்ந்தபடி ஓவசியர். அவர் துள்ளி எழும்பி நின்றார். கதவு ஒரு சாண் திறந்தது. அதற்குள்ளே வீரகத்தி கைகூப்பிக்கொண்டு நின்றார். காணியும் வயலும் இந்த ஒரு நிமிஷத்தில்தான் இருக்கின்றன என்று அவருடைய நெஞ்சு அடித்தது.

துரை நாயின் கழுத்தைச் சொறிந்தார்.

“புட் அப்” என்றார்.

“யெஸ் சேர்” என்றார் ஜீப்பின் பின்னாலிருந்த தவராசா. ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

ஓவசியர் செல்வநாயகம் புழுதிக்குள்ளே அப்படியே நின்றார். முகத்தில் இரத்தமில்லை. மெல்ல வாசலுக்கு வந்தார். “வீரகத்தியண்ணை” என்றார். அதுவரை அவர் அண்ணை என்று கூப்பிட்டதில்லை. “அதை ஆருக்குச் சொன்னவர்? எனக்கோ, உங்களுக்கோ?”

வீரகத்திக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குரலை அவருக்குத் தெரியும், ஒரு வருஷமாகத் தம்முடைய தொண்டைக்குள்ளேயே கேட்ட குரல். “தபால் மாஸ்ரரிட்டைப் போய்க் கேளுங்கோ, ஐயா. கனக்கக் கருத்து இருக்கு” என்றார்.

அடுத்த கிழமை தவராசா ஒரு பலகையோடு வந்தார். பாலைமரத்தடியிலேயே குடியிருந்த ஓவசியரின் தகரப் பெட்டியில் அதை அடித்துவிட்டுப் போனார். அதற்கடுத்த கிழமை கங்காணி வந்து கட்டிலைச் சுற்றிக் கயிறு பிடித்தார். ஓவசியர் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர்தான். எந்த ஊருக்கு மாறினார் என்று தெரியாது. வீரகத்தியின் குசினிச் சீமெந்து அந்த மாரியோடு கல்லாகிவிட்டது. இராசமலர் அதன்மேல் அம்மி வைத்தாள்.

காணி தங்கிவிட்டதாகத்தான் ஊர் பேசியது. தங்கியதென்றோ போய்விட்டதென்றோ கந்தோர் ஒருநாளும் சொல்லவில்லை. வீரகத்தி வயலுக்குப் போனால் வீட்டுக் கூரை தெரிகிற வரம்பில்தான் வேலை செய்வார். கலியாண வீடு, செத்த வீடு ஒன்றுக்கும் போகமாட்டார். ஜீப்பின் சத்தம் கேட்டால் மண்வெட்டியை எறிந்துவிட்டு ஓடிவந்து வாசற்படிக்குள் ஒரு காலை வைத்துக்கொள்வார்.

மறு வைகாசியில் ஊர் வண்டி கட்டியது. இராசமலரும் பிள்ளைகளும் பொங்கற் பானையோடு ஏறினார்கள். வீரகத்தி ஏறவில்லை. வாசலில் நின்றார், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

“நேர்த்தி கிடக்கு, வாங்கோவன்” என்றாள் இராசமலர். “துரையும் வற்றாப்பளைக்குத்தான் போறார். ஒருத்தரும் வரமாட்டினம்.”

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். வெளியே இருந்த காலையும் உள்ளே எடுத்துக்கொண்டார்.

“நீ போயிட்டு வா. அம்மாளாச்சி கேட்டால், வீரகத்தி வீட்டிலைதான் இருக்கிறான் எண்டு சொல்லு” என்றார். வண்டி அசைந்தது. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து கத்தினார். “பக்கத்திலை கந்தோர்க்காரர் நிண்டால் கொஞ்சம் சத்தமாய்ச் சொல்லு!”